உப்புத்தண்ணியும் ஃப்ளோரின் நுரையும்

வணக்கம் மக்களே! கொழிஞ்சாம்பாறையில இருந்து பேசறேன். இங்க ரெண்டு பாட்டில் இருக்கு. ஒண்ணுல எங்க தோட்டத்துப் போர் தண்ணி, இன்னொண்ணுல கேன் தண்ணி. ரெண்டுலயும் பார் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்கறேன். கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. கேன் தண்ணியில கழுத்து வரைக்கும் நுரை. போர் தண்ணியில நுரையே இல்ல, மேல வெள்ளையா திரிதிரியா மிதக்குது, தொட்டா பிசுபிசுங்குது. கால்சியம் சோப்பைப் பிடிச்சுக் கரைய விடாம பண்ணிருச்சு. உப்புத்தண்ணின்னா நமக்கு இந்தப் பாடுதான்.

ஆனா எல்லா நுரையும் இப்படி இல்லைங்க. வாளையாறு ரோட்டுல பெட்ரோல் டேங்கர் போகுதில்ல, அது தீப்பிடிச்சா அடிக்கிற ஃபோம் இருக்கே, அதுல காலங்காலமா போட்டு வந்தது ஃப்ளோரின் சர்ஃபேக்டன்ட். சோப்பு மாதிரி தலையும் வாலும் இருக்கிற மூலக்கூறு, வால்ல ஃப்ளோரின். தண்ணியோட பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கிற விசை, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சாதா டிடர்ஜென்ட் அதை 30 கிட்ட இறக்கும். இது 15, 20 வரைக்கும் இறக்கிரும். அதனாலதான் பெட்ரோல் மேலயே தண்ணி படலமா பரவுது. அமெரிக்கக் கடற்படை 1960கள்ல உருவாக்கின ஃபோம் இது, கடல் தண்ணியிலயும் வேலை செய்யும்.

உப்பு இங்க கெடுக்காது, உதவும். எப்படின்னா, இந்த மூலக்கூறோட தலையில மைனஸ் மின்சுமை. ஒண்ணையொண்ணு தள்ளும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிங்க நடுவுல ஒரு பெரியவரை உட்கார வெச்சா ஒரே பந்தியில சாப்பிடுவாங்கல்ல, உப்புல இருக்கிற பிளஸ் சுமை சோடியம் செய்யறது அதான். தலைங்க நெருங்கி நிக்கும், குறைஞ்ச அளவுலயே மைசெல்லா, அதாவது வாலை உள்ளே மறைச்ச குட்டி உருண்டைக் கூட்டமா சேர ஆரம்பிச்சிரும்.

ஆனா எந்த உப்புங்கறது முக்கியம். பிஃபாஸ்னு (PFOS) இந்த ஃப்ளோரின் வகையில ஒண்ணு இருக்கு, அதோட பொட்டாசியம் உப்பு 80 டிகிரி கிட்ட சூடு ஏறினாத்தான் நல்லா கரையும். லித்தியம் உப்புன்னா பச்சைத்தண்ணியிலயே கரைஞ்சிரும். யூரியா போட்டா கதை தலைகீழ், மைசெல் சேர இன்னும் நிறைய சரக்கு வேணும். சாதா டிடர்ஜென்டோட கலந்தா? ரெண்டுக்கும் மைனஸ் தலைன்னா அவ்வளவா ஒட்டாது, வாலும் வாலும் வேற ஜாதி. எதிர்ச் சுமைன்னா கெட்டியாப் பிடிச்சுக்கும்.

எனக்கு இதுல உறுத்தற விஷயம் ஒண்ணு. தண்ணியில கால்சியம் கூடினா பிஃபாஸ் மண்ணுல, சேத்துல போய் அதிகமா ஒட்டும். ஆள் போன மாதிரி தெரியும், ஆனா அழியாது. அந்த கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு அவ்வளவு லேசுல உடையாது. லேசுல அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தற ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல பிஃபாஸை 2009லயே சேர்த்தாங்க, அதோட பங்காளி பிஃபோவாவை (PFOA) 2019ல.

இது கலந்த தண்ணியைச் சுத்தம் பண்றவங்களும் இந்த உப்பு வித்தையைத்தான் பயன்படுத்தறாங்க. அழுக்குத் தண்ணிக்குள்ள காத்தை ஊதி நுரை எழுப்பி, அந்த நுரையை மட்டும் வழிச்சு எடுக்கறாங்க. உப்பு இருந்தா நல்லா மேல ஏறும். வால் குட்டையான ஃப்ளோரின் ஆளுங்க மட்டும் மசிய மாட்டாங்க. அதுக்குப் பிளஸ் தலை இருக்கிற சர்ஃபேக்டன்ட் கொஞ்சம் சேர்த்து இழுக்கறாங்க. அப்புறம் அந்தச் சேர்த்ததையும் வெளியே எடுக்கணும், அது தனி வேலை.

நம்ம போர்ல இந்த பிஃபாஸ் இருக்குன்னு நான் சொல்ல வரலைங்க. காய்ச்சினா போகுமான்னு கேக்காதீங்க, போகாது. ஆர்.ஓ. மெஷின் பெரும்பாலும் பிடிச்சிரும். பிடிச்சது கழிவுத்தண்ணி குழாய் வழியா வெளியே வரும், அதைத்தான் நாம தென்னை மரத்துக்கு விடறோம்.