விட்டத்தை அறுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். சாய்கூரைக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் பலருக்கும் தலைக்கு மேலே குறுக்கே ஓடுகிற விட்டம் கண்ணை உறுத்தும். "இது எதையும் தாங்குற மாதிரி தெரியலையே, எடுத்துட்டா கூடம் உயரமா இருக்குமே" என்பார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கூரையின் எடை நேராகக் கீழே மட்டும் இறங்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான இரண்டு கைமரங்கள் கூரையின் உச்சியில், அதாவது முகட்டில், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும்போது அவற்றின் கால்கள் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும், அந்த உதைப்பு நேராகச் சுவரின் தலையில் போய் விழும். இரட்டைக் கால் ஏணியின் நடுச்சங்கிலியைக் கழற்றிவிட்டு மேலே ஏறினால் என்ன ஆகும்? அதேதான். விட்டம்தான் அந்தச் சங்கிலி. அது எடையைச் சுமப்பதில்லை, இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறது.

எவ்வளவு உதைப்பு? கூரையின் அகலம் 6 மீட்டர், முகட்டின் உயரம் 3 மீட்டர், மொத்த எடை சீராகப் பரவிய 4 டன் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 1 டன் அளவுக்கு வெளியே தள்ளும். அதே கூரையைத் தாழ்த்தி, முகட்டை ஒன்றரை மீட்டராக்கினால் அது 2 டன் ஆகிவிடும். கூரை தாழத் தாழ உதைப்பு ஏறும். பார்க்க அடக்கமாக இருக்கிற கூரைதான் சுவரை அதிகமாகத் தள்ளும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சரி, விட்டத்தை எடுக்காமல் கொஞ்சம் மேலே ஏற்றிவிடலாமே என்பார்கள். கைமரத்தின் பாதி உயரத்துக்கு ஏற்றினால் அதில் வரும் இழுவிசை இரண்டு மடங்காகும், அதோடு கைமரமும் வளையத் தொடங்கும். முகட்டுக்குப் பக்கத்தில் அடிக்கிற குறுக்குச் சட்டம் காற்றில் கைமரங்கள் பிரியாமல் இருக்க உதவும், சுவரைக் காப்பாற்ற அதை நம்பக் கூடாது.

கல் கட்டடங்களில் இதே உதைப்பைச் சமாளிக்கச் சுவருக்கு வெளியே கனமான முட்டுச்சுவர் கட்டினார்கள். குவிமாடம் என்றால் எல்லாத் திசையிலும் தள்ளும், அதனால் அதன் இடுப்பில் வளையம் வேண்டும். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் விரிசல் விட்டபோது, 1740களில் கூடுதல் இரும்பு வளையங்கள் போட்டுத்தான் இறுக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. கலை, தொழில் காட்சியகமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தின் சுவர்கள் வெளியே சாய்ந்துவிட்டன. இரும்புக் கம்பிகளைச் சுவருக்குச் சுவர் ஊடுருவவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றைச் சூடாக்கினார்கள். கம்பி நீண்டதும் வெளியே இருந்த திருகை இறுக்கினார்கள், ஆறியதும் அது சுருங்கிச் சுவரை உள்ளே இழுத்தது. அப்புறம் மீதிக் கம்பிகள், மறுபடி முதல் கம்பிகள். 6 மீட்டர் கம்பி 100 டிகிரி ஆறினால் சுருங்குவது 7 மில்லிமீட்டர்தான்! அதை வைத்தே ஒரு சுவரை நிமிர்த்திவிட்டார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உங்கள் கட்டடத்தில் விட்டத்தை ஏற்கெனவே யாராவது எடுத்திருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முகட்டுக் கோடு நடுவில் தொய்ந்திருக்கிறதா? சுவரின் மேல்விளிம்பு வெளியே சாய்ந்திருக்கிறதா? கைமரங்கள் முகட்டில் சேரும் இடத்தில், மேலே நெருக்கமாகவும் கீழே இடைவெளியாகவும் தெரிகிறதா? தெரிந்தால் கால்கள் விலகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

உயரமான திறந்த கூடம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முகட்டிலேயே உறுதியான உத்தரம் ஒன்றை வைத்து, அதன் இரு முனைகளையும் அடித்தளம் வரை இறங்கும் தூண்களில் தாங்கவிட்டால் மேல்முனையின் எடையை உத்தரம் வாங்கிக்கொள்ளும், கைமரங்கள் சுவரைத் தள்ள வேண்டியிருக்காது. அளவைப் பொறியாளர் கணக்குப் போடட்டும். அந்த உத்தரம் ஏறி, கைமரங்கள் அதில் சரியாகப் பிணைக்கப்பட்ட பிறகுதான் பழைய விட்டத்தில் ரம்பம் படலாம்.