முதலில் 108, புகார் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை முடிந்து ஹாஸ்டல்கள் நிறைகிற காலம் இது. ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி, தொண்டி, ராமேஸ்வரம் என்று நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் புதுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். ராகிங் குற்றம் என்று எல்லா வாசலிலும் பலகை தொங்குகிறது. பலகையில் இல்லாத ஒன்றைப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஒரு பையன் சுருண்டு விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். நாவரசுவுக்கு நடந்தது கொலை. எந்த நண்பனின் போனும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் ராகிங் சாவுகள் எல்லாமே அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2017 பிப்ரவரியில் ஒரு மாணவர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவரை மளமளவென்று குடிக்க வைத்தார்கள். அவர் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். மண்ணீரல் கிழிந்தது, மண்டையில் அடி. தூக்கி சோபாவில் போட்டார்கள். ஆம்புலன்ஸை அழைத்தது ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது.

ஏன் அழைப்பதில்லை? "போலீஸ் வரும்", "சீனியர் அண்ணன் படிப்பு போயிடும்", "நானும் குடிச்சிருக்கேன்", "வார்டனுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குப் போன் போகும்". ஆம்புலன்ஸ் கூப்பிடுவதையும் புகார் கொடுப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற பயம் இது. 108-ஐ அழைப்பவர் யார் அடித்தார், யார் ஊற்றிக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதையெல்லாம் நாளைக்குப் பேசலாம். மூச்சு நாளைக்குக் காத்திருக்காது.

குடியை எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையில் 60 கிராம் சொச்சம். உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே மடக்கில் உள்ளே போன குவார்ட்டர் விடியற்காலை வரை ரத்தத்தில் நிற்கும் என்று அர்த்தம். இன்னொன்று, கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். "தூங்கினா சரியாயிடுவான்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போகிற நேரம்தான் ஆபத்து கூடுகிற நேரம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைப் பிடித்துக் கிள்ளியும் கண் திறக்கவில்லையா? நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் கீழேயா? இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து விநாடி இடைவெளி விழுகிறதா? உதடோ நகமோ நீலம் பாய்ந்திருக்கிறதா? உடம்பு சில்லிட்டிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலே போதும், அழையுங்கள். வண்டி வரும்வரை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வலது முழங்காலை மடக்கி முன்னால் தள்ளி, வலது கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி வைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. மல்லாக்கப் படுத்தவனுக்கு அந்த வாந்தியே எமன். மோர், எலுமிச்சை, காபி எதுவும் வாயில் ஊற்றக்கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ரொம்ப மோசம். குளிர்ந்த தண்ணீரில் நனைப்பதும் வேண்டாம். ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும் உடம்புச் சூடு இன்னும் இறங்கும்.

இனி, யாரும் ராகிங் கணக்கிலேயே சேர்க்காத தோப்புக்கரணம். இருநூறு, முந்நூறு என்று போடச் சொல்வது விளையாட்டில்லை. பழக்கமில்லாத தொடைத் தசை நார்நாராகச் சிதைந்து, அதிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். அன்றைக்கே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தொடை வீங்கி, படி இறங்க முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். நிறம் மாறினால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், "தோப்புக்கரணம் போட வெச்சாங்க, இத்தனை" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலும் சலைன் ஏற்றியே சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், புரூஃபன் என்று வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ரூமில் கிடப்பது அடைபட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வெறுமனே நிற்க வைப்பதும் லேசான விஷயமில்லை. 2024 நவம்பரில் குஜராத்தின் பாடன் மாவட்டத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவரை மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்ததில் மயங்கி விழுந்து இறந்தார் என்று 15 சீனியர்கள் மேல் வழக்குப் பதிவானது. நம் கரையில் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. ஒருவன் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஐஸுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்?

தலையில் அடிபட்டவன் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல மச்சான்" என்று சிரித்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் நினைவிழப்பது உண்டு. மண்டைக்குள் ரத்தம் மெல்லச் சேர்கிறது. இரண்டு முறை வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்பாவை பெரிதாவது, காது மூக்கிலிருந்து தண்ணீர் போல வடிவது இவையெல்லாம் உடனே ஸ்கேனுக்குப் போக வேண்டிய அடையாளங்கள். விலாவில் அடி வாங்கியவன் இடது தோள் வலிக்கிறது என்றால் மண்ணீரலைச் சந்தேகப்படுங்கள்.

கடலுக்குக் கூட்டிப்போவதும் இங்கே ராகிங்தான், சிரித்துக்கொண்டே கூட்டிப்போனாலும். கல்லூரி திறக்கும் மாதங்களில் தெற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம், நம் ஆட்கள் ஆண் கடல் என்கிற பக்கம், கொந்தளித்துக் கிடக்கும். தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் இரண்டு நீரோட்டமும் மோதும் இடத்தில் கால் வைத்த மணலே நழுவும். அங்கே சிக்னலும் திண்டாட்டம். ஒருவன் இழுபட்டால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், டயர் டியூப், எது கிடைக்கிறதோ எறியுங்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. கரையேற்றியதும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது வேண்டாம். மூச்சில்லை என்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, இரண்டு ஊதல், மறுபடி 30. ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. வண்டி வரும்வரை ஆள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

108-ல் பேசுகிறவர் சென்னையில் இருக்கிறார். "ஹாஸ்டல் பின்கேட்" என்றால் அவருக்கு என்ன தெரியும்? மாவட்டம், ஊர், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எந்தப் பக்கம், பக்கத்தில் எந்தக் கோயில், பள்ளிவாசல், பெட்ரோல் பங்க் என்று சொல்லுங்கள். அதன்பின் வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. போனை வைத்துவிட்டு அதே எண்ணில் வேறு யாரோடும் பேசாதீர்கள், டிரைவர் கூப்பிடுவார். ஒருவன் சாலைக்கு ஓடட்டும், ஒருவன் வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொல்லட்டும், ஒருவன் விழுந்தவனை விட்டு நகரக்கூடாது. "குரூப்பில் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதற்கு இங்கே வேலையில்லை. மருத்துவமனையில் டாக்டரிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள். என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எங்கே அடி என்பதை வைத்துத்தான் அவர் சிகிச்சையே தொடங்குவார். போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு சொன்ன சாவுக்குப் பிறகு, 2018-ல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது. உதவிக்கு அழைத்து, தன் பெயரைச் சொல்லி, வண்டி வரும்வரை கூடவே இருந்தவருக்கு அதில் பாதுகாப்பு உண்டு. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். "108-ஐ அழைத்துக் கூட நின்ற மாணவர் மீது, அவர் குடித்திருந்ததற்கோ நேரம் கடந்து வெளியே போனதற்கோ நடவடிக்கை இல்லை" என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ஒரு தாள் ஹாஸ்டல் சுவரில் ஒட்டினால் போதும். அதை ஒட்டத் தயங்கும் கல்லூரி, பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்று பிறகு கேட்பதில் நியாயமில்லை.

பெற்றோருக்கு: விசைப்படகு கடலுக்குப் போன ராத்திரி அப்பா எண் கிடைக்காது. சேர்க்கைப் படிவத்தில் அம்மா எண்ணோடு, ராமநாதபுரம் டவுனில் இருக்கிற சித்தப்பாவோ அத்தையோ, உடனே கிளம்பி வரக்கூடிய ஒருவர் எண்ணும் இருக்கட்டும். பிள்ளை திடீரென்று ஊருக்கு வந்து, திரும்பிப் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தால், திட்டிப் பஸ் ஏற்றுவதற்கு முன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416, இல்லையென்றால் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

புகாருக்கான எண், எழுதிக்கொள்ளுங்கள்: 1800 180 5522. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. கூப்பிடும் முன் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தேதி, நேரம், அறை எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.