சுரைபுருடையும் ஏழடிப் பலகையும்

வணக்கமுங்க. ஈரோட்டில் இருந்துகொண்டு கடல் அலையில் சறுக்குவது பற்றி ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும், "ஏன் சாமி, பவானிக் கூடுதுறையிலயா சறுக்கப் போறே?" என்று பெரியப்பா கேட்டார். சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்துக்குத்தான் போகிறேன், வருசத்துக்கு நாலைந்து தடவை.

முதல் பலகை வாங்கும்போது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை அடி ஃபிஷ் போர்டு, 28 லிட்டர், பார்க்க அவ்வளவு லட்சணம். என் எடை 78 கிலோ, அதற்கு அது ரொம்பச் சின்னது. கடைக்காரரும் தடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இடுப்பு உயர அலையில் பலகைமேல் குப்புறப் படுத்துக் கை ஓயத் துழாவினாலும், அலை என்னை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடும்.

நம் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். முதுகில் சுரைபுருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை, மிதக்கக் கட்டிவிடுவார்கள் இல்லையா, ஆளுக்குத் தக்கபடிதான் புருடை. பலகையிலும் லிட்டர் என்பது அந்தப் புருடைதான்: எத்தனை லிட்டரோ அத்தனைக்கு மிதக்கும். அதனால் நீளத்தைப் பார்க்கும் முன்னால் லிட்டரைப் பாருங்கள், பெரும்பாலும் பலகையிலேயே எழுதியிருக்கும்.

ஃபிஷ் என்பது 1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் மண்டியிட்டுச் சறுக்குவதற்காகச் செய்த குட்டைப் பலகை. வால் மீன் வால்போலப் பிளந்திருக்கும், அகலம் அதிகம், அடிப்பக்கம் தட்டை. அதனால் சோம்பல் அலையிலும் வேகம் எடுக்கும். அதையே ஆறரையிலிருந்து ஏழரை அடி வரை நீட்டினால் மிட்லெங்த் ஃபிஷ்.

இப்போது என்னிடம் இருப்பது ஏழடி, இருபத்தொன்றரை அங்குல அகலம், கிட்டத்தட்ட 44 லிட்டர். முட்டி உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை, மெதுவாகச் சரிந்து உடைகிற அலைக்கு இது போதும், நாலு துழாவலில் பிடித்துவிடும். என் எடைக்காரர், இன்னும் எழுந்து நிற்கப் பழகுகிறவர் என்றால் ஏழரை அடியே எடுக்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் வடகிழக்குப் பருவமழை நாளில் அலை தலைக்கு மேல் எழுந்து செங்குத்தாகக் கவிழும்போது கதையே வேறு. ஏழடிப் பலகையின் தட்டையான மூக்கு நேராகத் தண்ணீருக்குள் சொருகும், பெரிய புருடை கட்டினவன் முங்க முடியாத மாதிரி, வருகிற அலைக்கு அடியில் பலகையை அமுக்கி நுழையவும் முடியாது. அப்போது ஆறடி, ஆறேகால், கொஞ்சம் ஒடுக்கமானது, மூக்கு மேலே வளைந்தது வேண்டும். அதுவும் கை பழகினவர்களுக்குத்தான். மற்றவர்கள் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடலாம், நான் அதைத்தான் செய்கிறேன்.

சரி, வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று அளவில் ஏறிப் பாருங்கள். அப்புறம் வண்டி மேல் கட்டும்போது, கால் வழுக்காமல் இருக்க மெழுகு பூசிய பக்கம் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் சங்ககிரி தாண்டுவதற்குள் நம் வெயிலுக்கு அது வழிந்துவிடுமுங்க.