குறுகுறுப்பது நெஞ்சு

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம். ‘குற்றம் இருப்பது செயலிலா, மனத்திலா?’ என்பது தலைப்பு. மனத்தில்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “செத்தவன் செத்தவன்தான்; கொன்றவன் என்ன நினைத்தான் என்று பிணத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். பிணத்துக்குத் தெரியாதுதான். ஆனால் சட்டம் அதைக் கேட்காமல் விடுவதில்லையே!

மாடியில் வேலை நடக்கிறது. ஒரு செங்கல் விழுந்து கீழே போனவர் இறந்துவிடுகிறார். தடுப்புக் கட்டி, வலை விரித்து, எல்லாக் கவனத்தோடும் வேலை செய்தும் அது விழுந்ததென்றால், நம் இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவுப்படி குற்றமே இல்லை, விபத்து. ஆள் நடமாடும் இடத்தில் தடுப்பு வைக்காத அலட்சியம் என்றால் 106-ஆம் பிரிவு, அதிகபட்சம் 5 ஆண்டு. கூட்டம் நிற்கிறது, யாராவது சாகக்கூடும் என்று தெரிந்தே, ஆனால் கொல்லும் எண்ணமில்லாமல் வீசினால் 105, 10 ஆண்டு வரை. இன்னாரைத் தீர்த்துக்கட்டவே குறிபார்த்துப் போட்டால் 103, ஆயுள் அல்லது தூக்கு. அதே செங்கல், அதே உயரம், அதே சாவு. வீட்டுக்குப் போவதும் தூக்குமேடைக்குப் போவதும் எதை வைத்து, நடுவர் அவர்களே?

“மனத்தை எந்தக் கருவியால் அளப்பீர்கள்?” என்றும் கேட்டார். நல்ல கேள்வி. கருவி கிடையாது. அதனால்தான் நீதிமன்றம் சுற்றிலும் துருவுகிறது. கத்தி அங்கே கிடந்ததா, முந்தின நாளே வாங்கி இடுப்பில் செருகி வந்ததா? குத்து கையிலா, அடிவயிற்றிலா? முன்விரோதம் உண்டா? குத்தியவன் ஓடினானா, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனானா? 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பஞ்சாப் வழக்கு ஒன்றில் வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. உயிரைப் பறிக்கும் அளவுக்குக் காயப்படுத்தும் எண்ணம் நிரூபணமாகவில்லை என்று வாதம். நீதிமன்றம் என்ன சொன்னது? அந்தக் காயத்தை எண்ணித்தான் உண்டாக்கினானா, தற்செயலாகப் பட்டதா என்று பார். எண்ணித்தான் என்றாகி, அந்தக் காயம் இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமென்றால் அது கொலை. காயத்தைப் பார்த்ததே எண்ணத்தைப் படிக்கத்தான்.

கொலை வேண்டாம், கல்யாண மண்டபத்து வாசலுக்கு வாருங்கள். அவசரத்தில் ஒருவர் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். தன் பழசை விட்டுவிட்டு வேண்டுமென்றே புதுசை மாட்டிக்கொண்டு போகிறவரும் உண்டு. செருப்பு நகர்ந்தது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 303-ஆம் பிரிவுத் திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். முதலாமவரிடம் அது இல்லை. ஊரும் அப்படியே பேசுகிறது: “தவறிப்போய் மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.”

அந்தத் ‘தவறி’யைக் கொஞ்சம் கவனியுங்கள். கை தவறும், கால் தவறும். கணக்குத் தப்பும். அச்சில் பிழை வரும். குற்றத்தை மட்டும் அப்படிச் சொல்ல முடிவதில்லை. ‘கை குற்றம் செய்துவிட்டது’ என்று எந்த ஊரிலும் பேச்சில்லை, ஆள்தான் செய்ய வேண்டும். பழி வேறு வகை. அது ஊர் வாயில் இருப்பது, செய்யாதவன் தலையிலும் விழும். அதனால்தான் ‘வீண்பழி’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. பாவத்தை நான் இந்த வம்புக்கு இழுக்கவில்லை. செய்தவனுக்கும் ‘பாவி’, அடிபட்டவனுக்கும் ‘ஐயோ பாவம்’; அது யார் பக்கம் என்றே தெரியாத சொல்.

ஹெல்மெட் போடாதவனிடம் எண்ணத்தையா கேட்கிறார்கள், 1,000 ரூபாயைத்தானே கேட்கிறார்கள் என்றார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அபராத ரசீதோடு வீடு திரும்புகிறவரைத் தெருவில் யாரும் ‘குற்றவாளி’ என்று கூப்பிடுவதில்லை.

நக்கீரரையும் கூட்டிவந்தார்: ‘குற்றம் குற்றமே’. ஐயா, அது பாட்டில் கண்ட குறை. வைரத்திலும்தான் குற்றம் பார்க்கிறோம். எந்த வைரத்தையாவது கூண்டில் ஏற்றியிருக்கிறோமா? மனிதனின் குற்றத்தைத் தமிழ் எண்ணிவைத்த இடத்தைப் பாருங்கள். முக்குற்றம் எவை? காமம், வெகுளி, மயக்கம். குற்றங்கடிதல் அதிகாரத்தின் முதல் குறள் எதில் தொடங்குகிறது? செருக்கு, சினம், சிறுமை. திருட்டு இல்லை, கொலை இல்லை. கையால் செய்கிற வேலை ஒன்றுகூட இந்த ஆறில் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணிக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குற்றமுள்ள கை குறுகுறுக்கும் என்று எந்த ஊர்ப் பாட்டி சொன்னார்? அடுத்து வருகிறவர் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லட்டும்.