கணக்கெடுப்பில் நம் ஊரைத் தேடுவது எப்படி?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. நம் தோட்டங்களிலும், தாமான் எனப்படும் பட்டணத்துக் குடியிருப்புகளிலும் யார் யார் வாழ்கிறார்கள், அந்தக் கலப்பு எப்படி மாறி வருகிறது என்பதை, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் அறிய முடியும்?

இந்த அக்கறை 1980 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொடங்கியது. அப்போது தற்காலிகக் கணக்கெடுப்பாளராகச் சேர்ந்து, கையில் படிவக் கட்டுடன், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக நடந்தேன். விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்கள், வெட்டிய ரப்பர்ப் பாலைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் அவர்களைப் பிடிக்க முடியும் என்பதால், என் வேலை பெரும்பாலும் மாலையில்தான் நடந்தது. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் இனம் என்ன என்று கேட்டேன். "எங்க அப்பா தெலுங்கு, தம்பி. எங்க வீட்டுக்காரரு மலையாளத்துக்காரரு. வீட்டுல பேசுறது தமிழு. எது சரின்னு உனக்குப் படுதோ அதையே எழுதிக்க" என்றார். "அதை நான் முடிவு செய்யக்கூடாது, பாட்டி. நீங்கதான் சொல்லணும்" என்றேன். அவர் மருமகளைக் கூப்பிட்டார்; பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்; ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். நெடுநேரம் யோசித்த பாட்டி, "பேரப்பிள்ளைங்க தமிழ்ப் பள்ளிக்குத்தானே போவுது, தமிழுன்னே எழுது" என்று முடித்தார். நானும் அவர் சொன்னபடியே எழுதினேன்.

அந்த வாசலில் யாரும் பிறக்கவில்லை, யாரும் இறக்கவில்லை, யாரும் குடிபெயரவும் இல்லை. ஆயினும் தெலுங்கர் தொகையில் ஒன்று குறைந்து தமிழர் தொகையில் ஒன்று கூடியது. இனம் என்பது கணக்கெடுப்பில் அவரவர் சொல்லும் விடை என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். தெலுங்கர் குறைந்துவிட்டார்கள், மலையாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று அட்டவணையைக் காட்டி யாரேனும் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் நினைவுதான் வரும்.

விடை மாறுவது போலவே, விடையைப் போடும் பெட்டியும் மாறும். 1957 இல் இலங்கைத் தமிழர் 'பிறர்' என்னும் தொகுதியில் எண்ணப்பட்டார்கள். 1970 இல் 'இந்தியர்' என்னும் பெருந்தொகுதிக்குள் வந்தார்கள். இதை அறியாமல் இரு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைத்தால், நடக்காத மாற்றம் நடந்ததாகத் தோன்றும். இதற்கு மாறாக, 1931 இல் இருந்ததைவிட 1947 இல் மலாயா இந்தியர் தொகை குறைந்திருந்தது உண்மையான குறைவு. பொருளாதார மந்தத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும், 1938 இல் நின்றுபோன தொழிலாளர் வரவும், ஜப்பானியர் காலத்துச் சயாம் ரயில்பாதை வேலையில் மாண்டவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். பெட்டி மாறியதா, மக்கள் மாறினார்களா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் தீர வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். 2010 இல் குடிமக்களில் 7.3 விழுக்காடாக இருந்த இந்தியர் 2020 இல் 6.7 விழுக்காடானார்கள். இதைக் கேட்டு, நம்மவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று வருந்துவோர் பலர். ஆனால் தலைகளை எண்ணினால், ஏறத்தாழ 19 இலட்சம் பேர் ஏறத்தாழ 20 இலட்சமாகக் கூடியிருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் வேகமாகக் கூடியதால்தான் நம் விழுக்காடு இறங்கியது.

இங்கே 'குடிமக்களில்' என்ற சொல்லைக் கவனியுங்கள், தோட்டப்புறத்து நேயர்கள் சற்றுக் கூடுதலாகவே கவனியுங்கள். நாட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குடிமக்களைத் தேர்ந்தெடுத்தால், பூமிபுத்திரா எனப்படும் மலாய்க்காரரும் பூர்வகுடியினரும், சீனர், இந்தியர், பிறர் என்ற நான்கு தொகுதிகளில் அவர்கள் வெவ்வேறு தொகுதியினராக இருக்கும் வாய்ப்பு என்ன? இந்த வாய்ப்பு கூடக்கூடப் பன்மை, அதாவது இனக் கலப்பு, கூடுதல் என்று பொருள். 2020 இன் விழுக்காடுகளை வைத்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 46 வருகிறது. 2010 இல் அது 48. பன்மை சற்றுக் குறைந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் 2020 இல் எண்ணப்பட்ட சுமார் 27 இலட்சம் குடிமக்கள் அல்லாதோரை ஒரே ஒரு தனித் தொகுதியாகச் சேர்த்துப் பார்த்தாலே, அந்த 46 என்பது 54 ஆக உயர்ந்துவிடுகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பழைய குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்த பின், லயங்களில் இன்று குடியிருக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் அந்த 27 இலட்சத்துக்குள்தான் இருக்கிறார்கள். இன அட்டவணையை மட்டும் படிப்பவருக்குத் தோட்டத்தில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றமே கண்ணில் படாது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இங்கும் மறுபடி சொல்கிறேன்: விழுக்காட்டைக் கேட்டவுடன், எத்தனை பேரில், எவரையெல்லாம் சேர்த்து என்று கேளுங்கள்.

அடுத்தது எல்லைக்கோடு. சுங்கை சிப்புட் அமைந்திருப்பது கோலகங்சார் மாவட்டத்தில். மாவட்ட அட்டவணையில் அரச நகரமான கோலகங்சாரின் கம்பங்கள் என்னும் மலாய்க் கிராமங்களும், நம் கடைத்தெருச் சீனரும், தோட்டத் தமிழரும், பிளஸ் ஆற்றின் மேற்புறத்தில் வாழும் பூர்வகுடியினரான தெமியார் மக்களும் ஒன்றாகிவிடுகிறார்கள். மாவட்டம் பன்மை மிக்கதாகத் தெரியும். ஆனால் ஒரு லயத்திலோ ஒரு கம்பத்திலோ எல்லோரும் ஒரே இனத்தவராக இருக்கலாம். தெமியார் மக்களோ, பூமிபுத்திரா என்னும் பெருந்தொகுதிக்குள் போய்விட்ட பிறகு தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். ஆகவே மாவட்டத்தோடு நிற்காமல், மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிம் வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். பள்ளி மாணவர்களோடு செய்யக்கூடிய ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். புள்ளிவிவரத் துறையின் 'கவாசன்கு' என்னும் இணையத் தளத்தில் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வாரியாக இன விழுக்காடுகளைக் காணலாம். சுங்கை சிப்புட், கோலகங்சார் இரண்டும் அங்கே தனித்தனித் தொகுதிகள். இரண்டின் விழுக்காடுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டிலுள்ள பெரியவர்களிடம், அவர்கள் சிறுவயதில் தங்கள் லயத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டு, எதிரில் எழுதச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.