உள்ளித்தீயலும் ஒரு பழைய கணினியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மற்றவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. கணினியைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். நான் இஞ்சினியர் இல்லையே என்றேன். நாள் முழுக்க அதன் முன்னால் உட்காருகிற ஒருவர் பேசட்டும் என்றார்கள். அந்தத் தகுதி எனக்கு உண்டு.

2025 தீபாவளி முடிந்த வாரம், கடையில் இருக்கும் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன். இயங்குதளம் என்று இதைத் தமிழில் சொல்கிறோம். கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து, நம் கோப்புகளையும் பிரிண்டரையும் கீபோர்டையும் கவனித்துக்கொள்கிற அடிப்படை மென்பொருள் அது. நான் தொழிலுக்கு வந்தபோது விண்டோஸ் 95 இருந்தது. அப்புறம் 98, எக்ஸ்பி, ஏழு, பத்து என்று வரிசையாக ஏறி வந்தேன். வேறொன்று இருக்கிறது என்று தெரியும். தொட்டுப் பார்த்ததில்லை.

மாற வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு தேதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அடுத்த பதிப்பான 11ஐப் போட, கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும். என்னுடையது 2016இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை. பட்டியலில் இல்லை. பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். அதை அலட்சியமாகத் தள்ளிவிட என்னால் முடியாது. என் கணினி வழியாக ஊரார் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் தினமும் போகின்றன. இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அடுத்த வருடமும் இதே கேள்விதானே வந்து நிற்கும்?

மனது கேட்காதது வேறொரு விஷயத்துக்கு. நான் டைப்ரைட்டிங் படித்த இன்ஸ்டிடியூட்டில் இருந்த ரெமிங்டன் மிஷின் என்னைவிட மூத்தது. ரிப்பன் மாற்றுவார்கள், எண்ணெய் போடுவார்கள், ஒரு எழுத்து ஒடிந்தால் மெக்கானிக் வந்து பற்றவைத்துக் கொடுப்பார். லோயரும் ஹையரும் அதில்தான் பாஸ் பண்ணினேன். என் கணினியும் அப்படி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒரு பொருளை, காலண்டரில் ஒரு நாள் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய சாமான் கடைக்குத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இதேபோல எத்தனை லட்சம் கணினிகள் மூலையில் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் விழுப்புரத்தில் வேலை பார்த்தபோது அங்கிருக்கும் லினக்ஸ் பயனர் குழுவில் பழகியவன். தீபாவளிக்கு வந்திருந்தான். “அக்கா, முதல்ல எதையும் அழிக்காம பாப்போம்” என்று ஒரு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஓட்டிக் காட்டினான். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே இல்லை. பிரிண்டர் அசைந்தது, ஸ்கேனர் அசைந்தது, இணையம் வந்தது. இப்படிப் பார்த்துவிட்டு மாறலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டு மாறினோம். புதுக் கணினி என்றால் நாற்பத்தைந்தாயிரம் கேட்டிருந்தார்கள். எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்துச் சொச்சம்.

என் பெரிய பயம் கீபோர்டு. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் பாடம் ‘ய ள ன க’. அது விரலில் ஏறிவிட்டால் இறங்காது. லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு எல்லாவற்றோடும் தட்டச்சுப்பொறி முறையும் இருந்தது. சோதித்துப் பார்க்க என் கடை விலாசத்தை அடித்தேன். விரல்கள் தாமாகப் போயின. அதுவரை இருந்த படபடப்பு அத்தோடு அடங்கிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

2001இல் அம்மா கடைக்கு வந்து, என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சமையல் பக்குவங்களைச் சொல்லச் சொல்ல நான் அடித்து வைத்தது அது. ஓய்ந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து நாள் நடந்தது. அம்மா இப்போது இல்லை. லினக்ஸுக்கு மாறிய கணினியில் அதைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பெரிய என், ஜே, க்யூ, அரைப்புள்ளி, எஃப், எச், ஏ, அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக இப்படியே. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விரல்களால் மேசைமேல் அந்த விசைகளைத் தட்டிப் பார்த்தேன். தேங்காய். அது ‘தேங்காய்’ என்ற சொல்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிப்போம். அவற்றில் கணினிக்குள்ளே போய்ச் சேருவது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். ஜே என்ற எழுத்துக்கு ‘த’ வடிவம், எஃப்புக்கு ‘க’ வடிவம். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் போர்வை விலகி உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரியும். இத்தனை வருடம் நான் அடித்த தமிழ் எல்லாம், கணினியைப் பொறுத்தவரை, பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் இருந்திருக்கிறது. அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

இதில் வேடிக்கையான இடம் கொம்பு. கையால் எழுதும்போது ‘தே’ என்பதற்கு முதலில் இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ‘த’ எழுதுவோம். டைப்ரைட்டரிலும் அப்படித்தான், பாமினியிலும் அப்படித்தான். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்ற குறியேற்ற முறை தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்களைக் கொடுத்தது. அதில் முதலில் ‘த’, பிறகு ஏகாரக் குறி. திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே அது பின்னால்தான் இருக்கும். ஆகவே பழையதைப் புதியதாக மாற்றுகிற மென்பொருள் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ‘பார்த்து’ என்பதில் ‘ர்’ வரும் இடத்தில், நாங்கள் துணைக்கால் விசையை அடித்து அதன்மேல் புள்ளி வைப்போம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இது கால், இது ரகரம் என்று மென்பொருள்தான் பிரித்தறிய வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துச் செய்து, இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள் முகம் தெரியாத தமிழர்கள். அவர்களுக்கு என் நன்றியை இந்த வானொலி வழியாகவே சொல்லிவிடுகிறேன்.

பாமினியை நிறுவினாலே கோப்பு படிக்கக் கிடைத்திருக்கும். பையன் அதைத்தான் முதலில் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். என் மகள் பெங்களூரில் இருக்கிறாள், அவளுடைய போனில் பாமினி கிடையாது. நாளைக்கு யாராவது ‘தீயல்’ என்று எங்கள் ஊர்க் குழம்பின் பேரைத் தேடினால் இந்தக் கோப்பு அகப்படாது. மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றினேன். சில இடங்களில் இடைவெளி சிதறியிருந்தது, பின்னங்கள் காணாமல் போயிருந்தன. ‘அரை’யா ‘கால்’ ஸ்பூனா என்று தெரியாத இடங்களில் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு ஒரு வாரம் திருத்தினேன்.

அந்த ஒரு வாரம் என் கடைக் கோப்புகளும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. பத்திரிகைக்காரருக்கு ஒரு எழுத்துரு, அரசு அலுவலகத்துக்கு வானவில், அச்சகத்துக்கு இன்னொன்று. ஓரிடத்தில் அடித்ததை மற்றோரிடத்தில் திறக்க முடியாது, திரும்ப அடிக்க வேண்டும். 1999இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியேற்ற முறைகளையும் அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பல வருடம் நாங்கள் பழைய எழுத்துருவிலேயே இருந்தோம். பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கரைத்தான் எல்லோரும் வைத்திருந்தோம். அதன் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2001இல். அதில் யூனிகோடு தமிழ் வராது. இப்போது ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் அண்மைப் பதிப்புகளில் தமிழ் ஒழுங்காக வருகிறது. மெதுவாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லைப் பலமுறை கேட்டிருந்தாலும் இலவசம் என்றுதான் நினைத்திருந்தேன். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாரும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் பிடிவாதம். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடுவதும் அந்தக் கருதான். ஆக, லினக்ஸ் எனக்கு வேண்டாம் என்று சொல்கிறவர் கையிலும் லினக்ஸ் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் இருக்கும் என் தங்கை மகள் படித்ததே லினக்ஸில்தான். கேரள அரசுப் பள்ளிகளில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவள் என் கணினியைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா இப்பதான் இதுக்கு வந்தீங்களா” என்றாள். நம் பக்கமும் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் அது. பிள்ளைகள் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள், “அக்கா, இதுல தேவையில்லாம ஒண்ணு இருக்கு, எடுத்துடுங்க” என்று. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எனக்கும் தெரியாது, எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் செலவழித்து அது என்ன என்று பார்த்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சில வேலைகள் இதில் இன்னும் சண்டித்தனம் செய்கின்றன. அச்சகங்களிலிருந்து பழைய பேஜ்மேக்கர் கோப்பு வந்தால் திறக்க முடியாது. அதற்கென்றே ஒரு பழைய விண்டோஸ் கணினியை, இணையம் கொடுக்காமல், ஓரமாக வைத்திருக்கிறேன். யாராவது மாறப் போகிறேன் என்று சொன்னால், உங்கள் வேலைக்கு எந்த மென்பொருள் இல்லாமல் முடியாது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கடைக்கு வருகிற ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆசிரியர். போன் தொலைந்தது, பழைய நம்பரும் போய்விட்டது. மனைவியின் படங்கள் எல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் இருந்தன. உள்ளே போக வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஓடிபி வரும். நம்பர் இல்லை. என் முன்னால் மூன்று நாள் வந்து உட்கார்ந்தார். என்னென்னவோ முயன்றோம். படங்கள் அங்கேதான் இருக்கின்றன, யாரும் அழிக்கவில்லை, ஆனால் அவரால் பார்க்க முடியாது. மூன்றாம் நாள், “விடும்மா” என்று எழுந்து போனார். அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு, அவள் போனில் இருக்கும் படங்களை ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். இப்போது கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். உங்கள் படங்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் கையில் ஒரு நகல் இருக்கிறதா? பெரும்பாலானவர்கள் போனைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

அம்மாவின் கோப்பைத் திருத்தி முடித்ததும் அச்செடுத்து ஒன்று வைத்துக்கொண்டு, மகளுக்கும் தங்கைக்கும் போனில் அனுப்பினேன். அம்மா சொன்னதை அப்படியே அடித்திருக்கிறேன் என்பது படிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. நடுநடுவே பக்குவத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சும் இருக்கிறது. உள்ளித்தீயலில் தேங்காய் வறுக்கும் இடத்தில், “கருகப்பிடாது, செவக்கணும். இதெல்லாம் எழுதணுமா மக்களே, கூட நின்னு பாத்தா போதாதா” என்று ஒரு வரி.

ராத்திரி மகள் கூப்பிட்டாள். “அம்மா, ஆச்சி புளி நெல்லிக்காய் அளவுன்னு சொல்லியிருக்காங்க. நீ எலுமிச்சங்காய் அளவுல்ல போடுவ?” என்றாள். எடுத்துப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு என்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அளவில் வைத்தேன்.

வணக்கம்.