வலந்தலையில் வந்த கை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு தவில்காரன். திருகோணமலையில் பிறந்து, இங்கேயே மேளம் வாசித்துப் பிழைப்பவன். சின்ன வயதில் யாரைப் பார்த்து எனக்குத் தவில் பைத்தியம் பிடித்ததோ, அவருக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கும் பாக்கியம் இந்த வருட நகர்வலத்தில் கிடைத்தது. அந்த இரவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தன் பெயரை வானொலியில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் பெரியவர் என்றே சொல்கிறேன்.

வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சிவராத்திரி முடிந்ததும் எங்கள் சிவன் கோணேசர், மலைக்கோயிலை விட்டிறங்கி ஊருக்குள் வருவார். வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்துச் சனம் காத்திருக்கும். 2003இல் அப்படிக் காத்திருந்தபோது எனக்கு ஒன்பது வயது. போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்து ஏ-9 பாதை முந்தின வருடம்தான் திறந்திருந்தது. யாழ்ப்பாணத்து மேளம் வருகிறது என்று அப்பா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அளவெட்டி, இணுவில் என்ற யாழ்ப்பாணத்து ஊர்கள் எல்லாம் அதுவரை எனக்குக் கசற் உறையில் படித்த பெயர்கள்தான். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியையும் கசற்றில்தான் கேட்டேன். அவர் 1975இலேயே மறைந்துவிட்டார். நான் பிறப்பதற்கு 19 வருடம் முன்னால்.

அன்றுதான் முதல்முறையாக ஒரு பெரிய தவிலைக் கிட்ட நின்று கேட்டேன். அடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெரியவரின் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருந்தது. துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருக்கும். இடது கையில் பூவரசங்கழி. அப்பா ஒரு சின்ன றெக்கோடரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். அந்த ஒலிப்பதிவுதான் எனக்குப் பள்ளிக்கூடம். அதிலிருந்த ஒவ்வொரு தீர்மானத்தையும், அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் அடிகளை, முதலில் வாயால் சொல்லி, அப்புறம் பலகையில் தட்டி, பிறகு குருநாதரிடம் போய்க் கைக்குக் கொண்டுவந்தேன். இடையிடையே தவில் சத்தமே இல்லாத இடங்கள் வரும். நாடா பழுது என்று நினைத்து ஓட்டிவிடுவேன்.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். அவரோடு வர வேண்டிய இரண்டாவது தவில்காரருக்குச் சுகமில்லை. உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் போய் நின்றேன். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். "தம்பி, வாரை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டும், கடல் காத்துக்கு இளகிப் போகும்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கம்பீரநாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியோடு சுவாமி புறப்பட்டார். கோட்டை வாசலில் 1675 என்று பொறித்திருக்கிறது. அந்தக் கல் வளைவுக்குள் மேளம் நுழைந்ததும் நாங்கள் அடித்த அடி சுவரில் பட்டு எங்கள் மேலேயே திரும்பி வந்தது. இரண்டு தவில் நாலு தவிலானது போல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அவர் காதில் கொட்டிவிட வேண்டும் என்ற வெறி.

ஊருக்குள் ஒரு பந்தலில் மேளம் நின்றது. நாதசுர வித்துவான் தோடி ராக ஆலாபனை தொடங்கினார். ஆலாபனையில் ஒரு பிடி வாசித்து அவர் நிறுத்தும் இடத்தில் தவில் சொல்லுக்கு இடமுண்டு. நான் ஒரு இடத்தையும் விடவில்லை. நாதசுரத்தின் ஊதுமுனையான சீவாளியிலிருந்து அவர் வாயை எடுக்க முன்பே என் கை ஓடியது. சனம் தலையாட்டியது. மூன்றாவது தடவை, கூடு போட்ட விரல்கள் வந்து என் வலந்தலையில், தவிலின் வலப்பக்கத் தோலில், அமர்ந்தன. அடிக்கவில்லை, அழுத்தவும் இல்லை. சத்தம் நின்றது.

"அவர் மூச்செடுக்கட்டும்" என்றார் பெரியவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் பார்த்தேன். வித்துவானின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. சீவாளி ஈரம் ஏறிப் படுத்துவிட்டது; நாதசுரத்தில் தொங்கிய சரத்திலிருந்து வேறொன்றை எடுத்து வாயில் வைத்துப் பதம் பார்த்தார். பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். புதுச் சீவாளியில் தோடி ஏறி ஓரிடத்தில் வந்து நின்றதும், இரண்டே சொல் கொடுத்தார். அந்த இரண்டு சொல்லுக்கு வித்துவான் கண்ணை மூடிச் சிரித்தார். என் அடிகளுக்கு அவர் ஒரு தடவைகூட முகம் மாறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு தவில் மட்டும் வாசிக்கும் தனி வந்தது. என் முறையில் பெரியவர் தவிலை நிறுத்திவிட்டு எனக்குத் தாளம் போட்டார். கூடு மாட்டிய கையால், தொடையில். அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். பாடம் பண்ணி வைத்திருந்த அவருடைய கோர்வை ஒன்றும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கைக்கு வந்ததை வாசித்தேன். நல்லது, சுமார் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தபோது முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

விடியும் நேரம் வித்துவான் பூபாள ராகத்தில் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை எடுத்தார். தெருவோரம் இரண்டு மான்கள் நின்றன. அந்தப் பதிகத்துக்கு நான் தவிலில் கையே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுக்கவில்லை. அப்பாவின் ஒலிப்பதிவைத் தங்கை தொலைபேசியில் ஏற்றித் தந்திருந்தாள். காதில் மாட்டிக்கொண்டு, நான் ஓட்டிவிடும் இடத்தை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். நாடா பழுதே இல்லை. தவில் நிற்கிறது. தூரத்தில் ஒருவர் கச்சான் விற்கிறார். அப்புறம் மிகக் கிட்டத்தில், நாதசுரக்காரர் மூச்சை இழுக்கும் சத்தம்.